பின் சீட்டுக்காரி

அவருக்கு வீட்டில் ஒரு பெயர், வேலை செய்யும் இடத்தில் ஒரு பெயர். வீட்டுப் பெயர் நமக்கு எதற்கு? மோட்டார் சைக்கிள்களைப் பற்றியே மாதாமாதம் எழுதித் தள்ளுகிற அந்தப் பத்திரிகை அலுவலகத்தில், ஆசிரியர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோரும் அவரைப் 'பழசு' என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவரும் கோபித்துக்கொண்டதில்லை. மேடையில் ஏற்றிப் பட்டம் கொடுத்த மாதிரி இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்வார்.

புதிதாக ஒரு பைக் வந்தால், அதை ஒரு வாரம் வாங்கி வைத்து ஓட்டிவிட்டு நல்லது கெட்டதை எழுத வேண்டும். அதுதான் வேலை. இந்த வேலை செய்கிற மற்றவர்கள் புதுசைப் புதுசோடு ஒப்பிடுவார்கள். நம் ஆள் அப்படியில்லை. எது வந்தாலும் சரி, தன் வீட்டு வாசலில் நிற்கிற ஒரே ஒரு பழைய பைக்கின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். கல்யாணமான வருஷம் வாங்கியது. அந்த மாடலைச் செய்வதையே கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. ஆனால் அதன் பெயரைச் சொன்னால் பெருமூச்சு விடுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இன்னும் இருந்தார்கள். அந்த நாலு நாலு பேரும் சேர்ந்துதான் நம் வாசகர்கள் என்று ஆசிரியரே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

சும்மா சொல்லக்கூடாது, எழுத்தில் மனிதர் சூரர். ஒரு புது பைக்கின் சீட்டைப் பார்த்து, "இது சீட் இல்லை, கட்டில். உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது" என்று எழுதினார். இன்னொன்றின் ஹெட்லைட், ரோட்டில் போகிற எறும்பையெல்லாம் காட்டுகிறதாம்; எறும்பு காட்டச் சொல்லிக் கேட்டதா? இன்னொன்று குழியில் இறங்கி ஏறியதே தெரியவில்லையாம். குழி தெரியாமல் போவதற்குப் பெயர் பயணமா என்று அரைப் பக்கம் அங்கலாய்த்தார். எல்லாவற்றுக்கும் கடைசி வரி மட்டும் ஒன்றுதான்: என்னதான் சொல்லுங்கள், என் பழசுக்குக் கிட்டே வராது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் பொய் எழுதியதில்லை. கம்பெனிக்காரர்கள் பெரிய ஓட்டலில் விருந்து வைத்தால், போய்ச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, வீட்டுக்கு வந்து மனசில் பட்டதைத்தான் எழுதினார். ஓட்டாத வண்டியை ஓட்டியதாக ஒரு வரி எழுதியது கிடையாது. சொத்து சுகம் என்று பெரிதாக எதுவும் இல்லாத மனிதர், இந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

அவர் மனைவிக்கு வீட்டு முன்னறைதான் தொழிற்சாலை. சோபா உறை, ஜன்னல் திரை, கார் சீட் உறை எல்லாம் தைத்துக் கொடுப்பார். அறையில் பாதி இடத்தை ஃபோம் தாள்கள் அடைத்துக்கொண்டிருக்கும். கணவர் கதவைத் திறந்தால் ஒரு கட்டு மேலே வந்து சாயும். அவர் அதைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போய், அன்றைக்கு ஓட்டிய புது பைக்கின் குறைகளை வாய் வலிக்கச் சொல்வார். மனைவி ஊசியை வாயில் கடித்தபடி "ம்" கொட்டுவார். தைத்த உறைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சாயங்காலங்களில் பழைய பைக்கில் இருவரும் போவார்கள். மடியில் துணி மூட்டை, ஒரு கை கணவர் தோளில். அந்தப் பிடியில் ஒரு காலத்தில் அவருடைய சட்டைகளுக்கெல்லாம் இடது தோள்தான் முதலில் நைந்துபோகும்.

மாதம் பூராவும் கம்பெனி வண்டிகளிலேயே சுற்றுகிறவருக்குச் சொந்த வண்டியைக் கவனிக்க நேரம் ஏது? தெருக்கோடியில் மனைவியின் தம்பி பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். அவன் வந்து எடுத்துப்போவான், துடைத்து எண்ணெய் விட்டுக் கொண்டுவந்து நிறுத்துவான். மச்சானுக்கு இவர் போட்டிருந்த உத்தரவு ஒன்றே ஒன்று: ஒரு போல்ட்டைக்கூட மாற்றக் கூடாது. தலைகீழாக நின்றாலும் அதில் மட்டும் அவர் இறங்கி வரமாட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனி அந்தக் குண்டைப் போட்டது. நிறுத்திவைத்த அதே மாடலை, அதே பெயரில், புதுசாகச் செய்து கொண்டுவருகிறதாம்.

வாசகர்கள் நிலைகொள்ளாமல் தவித்தார்கள். கடிதமும் போனுமாகக் குவிந்தது. எல்லோருக்கும் ஒரே கேள்விதான், பழசு என்ன சொல்கிறார்? ஆசிரியருக்கு உச்சி குளிர்ந்துபோனது. அடுத்த இதழின் அட்டையில் 'பழசின் தீர்ப்பு' என்று கொட்டை எழுத்தில் போடப்போவதாக முந்தைய இதழிலேயே விளம்பரம் செய்துவிட்டார்.

பழசு அந்தப் புது வண்டியை ஒரு வாரம் ஓட்டினார். காலையில் புதுசு, மாலையில் தன்னுடையது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒப்பிட்டார். புதுசு மோசமில்லைதான். ஆனால் தன் வண்டியின் சீட் இன்னும் இதமாக இருந்தது, பிரேக் இன்னும் இணக்கமாகப் பிடித்தது, வெளிச்சம் இன்னும் தெளிவாக விழுந்தது. இத்தனை வருஷம் கழித்தும் கிழவி குமரியைத் தோற்கடிக்கிறாளே என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினார். பழைய சட்டையைப் புது ஆளுக்கு மாட்டிவிட்டால் அவன் பழைய ஆளாகிவிடுவானா என்று அதில் ஒரு வரி. அந்த வரியை மனைவிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். மனைவி தையல் மெஷினில் நூல் அறுந்துவிட்டதாகக் குனிந்துகொண்டார்.

கட்டுரை அச்சுக்குத் தயார். அட்டைப்படம் ஒன்றுதான் பாக்கி. புதுசும் பழசும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். படம் எடுக்கிற அன்று காலையில் பார்த்தால் வாசலில் வண்டி இல்லை. செயின் தளர்ந்திருக்கிறது, தம்பி எடுத்துப் போயிருக்கிறான், சாயங்காலம்தான் வரும் என்றார் மனைவி. அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அப்போதுதான் ஒரு மருந்துக்கடைக்காரர் ஞாபகம் வந்தது. பத்திரிகையின் பரம பக்தர். அதே மாடல், அதே வருஷத்து வண்டி வைத்திருக்கிறார் என்று போட்டோவே அனுப்பியவர். போன் போட்டதும் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அட்டகாசமான வண்டி. துரு இல்லை, கீறல் இல்லை. படம் எடுத்து முடிந்ததும் பழசுக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு சுற்று போய் வருகிறேன் என்று ஏறி உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததுமே புரிந்துவிட்டது, ஏதோ சரியில்லை. சீட்டா அது, பலகை. தெரு திரும்புவதற்குள் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பு வழியாக மேலே வந்து பல்லில் பேசியது. பாலத்துக்கு அடியில் இருட்டாக இருக்கிறதே என்று ஹெட்லைட்டைப் போட்டார். போட்ட பிறகும் இருட்டாகத்தான் இருந்தது. பாலம் தாண்டியதும் குறுக்கே ஒரு தள்ளுவண்டி. பிரேக்கை மிதித்தார். வண்டி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போய், யோசித்து, தள்ளுவண்டிக்காரரின் முழங்கையை உரசிக்கொண்டு நின்றது. அந்த மனிதர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்த பழசு, மருந்துக்கடைக்காரரிடம் கொஞ்சம் பெரிய மனுஷத் தோரணையில்தான் பேசினார். வண்டியைப் பளபளவென்று வைத்திருந்தால் மட்டும் போதாது, உள்ளே பராமரிக்க வேண்டும், நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்றார். மருந்துக்கடைக்காரர் முகம் வாடிவிட்டது. கம்பெனியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, தேய்ந்ததை மாற்றினால்கூட அதே கம்பெனிப் பொருளைத்தான் தேடிப் பிடித்துப் போடுகிறேன் என்றார்.

"நீங்க எழுதுறதைப் படிச்சுத்தான் சார் இதை விக்காம வச்சிருக்கேன். ஓட்டுனா இடுப்பு விட்டுப்போகுது. உலகத்துலயே நல்ல சீட்டுன்னு நீங்க எழுதுறீங்க, அப்ப குறை என் இடுப்புலதான்னு நினைச்சுக்கிட்டேன். என் கடை மாத்திரையையே நான் முழுங்குறேன்."

பழசுக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. என் வண்டியை ஓட்டிப் பாருங்கள், அப்போது தெரியும், வாருங்கள் என்று அவரைக் கையோடு ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்துக்கொண்டு போனார். இவர் புதுசில் முன்னே போக, அவர் பழையதில் குலுங்கிக் குலுங்கிப் பின்னே வந்தார்.

ஒர்க்‌ஷாப்பில் அவருடைய செல்ல வண்டி ஸ்டாண்டில் நின்றது. நின்றது என்றால், அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. செயின் மட்டும் இருந்த இடத்தில் நன்றாகவே இருந்தது. முன் சக்கரம் கழற்றப்பட்டிருந்தது. சீட்டின் மேலுறையை உரித்துப் போட்டுக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து, ஃபோமைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தது வேறு யாருமில்லை, அவர் மனைவிதான். பக்கத்தில் மச்சான் ஒரு புது பிரேக்கை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான். பெட்டியில் இருந்த பெயர், போன மாதம் பழசு கிழி கிழி என்று கிழித்த பைக்கினுடையது. தொட்டால் நின்றுவிடுகிறது, மனிதனுக்கு யோசிக்கவே அவகாசம் தரமாட்டேன் என்கிறது என்று அவர் எழுதியது அந்தப் பிரேக்கைத்தான்.

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, உட்காருங்கள் என்று மருந்துக்கடைக்காரருக்கு முக்காலியை நகர்த்திப் போட்டார். அவர் உட்காரவில்லை. கழற்றிப் போட்டிருந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தன் வண்டியில் ஒவ்வொரு ஆணியையும் துடைத்துத் துடைத்துப் பழகிய மனிதர் அல்லவா, குனிந்து பார்க்கப் பார்க்க அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"தம்பி, இதுல பழசு எது?" என்று கடைசியில் கேட்டார்.

மச்சான் பொய் சொல்லத் தெரியாதவன். அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். "டேங்க் இருக்கு," என்றான். கொஞ்சம் யோசித்து, "அப்புறம் ஓட்டுற மாமா இருக்காரு," என்றான்.

விஷயம் அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பல வருஷங்களுக்கு முன் ஒரு மழை நாள். உறைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது நாற்சந்தியில் பிரேக் பிடிக்காமல், பழசு வண்டியைக் கொண்டுபோய் ஒரு மணல் குவியலில் செருகினார். அவருக்கு ஒன்றும் இல்லை. பின்னால் இருந்தவருக்கு முழங்கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. பிரேக்கை மாற்றுங்கள் என்று மனைவி கெஞ்சியும் பார்த்தார், சண்டையும் போட்டுப் பார்த்தார். மனிதர் மசியவில்லை. அந்த மாத இதழில், என் பழசு நேர்மையானது, தன்னால் முடியாததை முடியாது என்று சொல்லிவிடும் என்று எழுதினார். கட்டுப்போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டு அதைப் படித்த மனைவி, அதற்குப் பிறகு அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டார்.

எந்த வண்டியின் எந்தச் சாமான் நல்லது என்று கண்டுபிடிக்க அவர் சிரமப்படவே இல்லை. வீட்டிலேயே வழி இருந்தது. கணவர் எந்தப் பகுதியை மிக அதிகமாகத் திட்டுகிறாரோ அதை வாங்கிவரச் சொன்னார். கட்டில் என்று வைதாரே, அந்தச் சீட்டின் ஃபோமைப் பார்த்து வெட்டிப் பழைய உறைக்குள் வைத்துத் தைத்தார். எறும்பைக் காட்டிய விளக்கு பழைய கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தது. குழி தெரியாத ஸ்பிரிங் பழைய மூடிக்குள் போனது. பொருந்தாததைத் தம்பி அரத்தால் ராவினான், பற்றவைத்தான், எப்படியோ பொருத்தினான். வெளியே பார்க்க எல்லாம் பழையபடி இருந்தது. ஒவ்வொரு தடவையும் மச்சான் குலை நடுங்கிக்கொண்டுதான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான். பழசு ஒரு சுற்று போய்விட்டு வந்து, பார்த்தாயா, ஓட ஓட இளசாகிறது, இதுதான் பழசு என்பார். ஆமாம் என்று மனைவி சோற்றைப் பரிமாறுவார்.

பழசு அங்கே கிடந்த டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று மச்சான் எதிர்பார்த்து நின்றான். திட்டவில்லை. அவருக்கு வலித்தது வேறு இடத்தில். ஓட்டாத வண்டியை ஓட்டியதாக எழுதியதே இல்லை என்று இருந்த மனிதர், இத்தனை வருஷமாக அதைத்தான் மாதாமாதம் எழுதியிருக்கிறார். எதிரே ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னதெல்லாம் உங்களுக்குப் பிடிக்கல. சொல்லாம மாத்தினதெல்லாம் பிடிச்சுது," என்றார் மனைவி. பிறகு குரலைத் தணித்து, "பிரேக் மாத்தினப்புறம்தாங்க உங்க சட்டைத் தோள் கிழியறது நின்னுது. அதையாவது கவனிச்சீங்களா?" என்றார்.

அவர் தன் இடது தோளைத் தடவிப் பார்த்தார். துணி நன்றாகத்தான் இருந்தது. எந்த வருஷத்திலிருந்து நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஊரில் உள்ள வண்டிகளின் குறையையெல்லாம் மோப்பம் பிடித்தவருக்கு, தன் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி வருஷக்கணக்காகப் பயந்துகொண்டே வந்தது தெரியாமல் போய்விட்டது. அது அவரை உலுக்கிவிட்டது.

அங்கிருந்தே ஆசிரியருக்குப் போன் செய்தார். கட்டுரையை நிறுத்துங்கள், அது தப்பு என்றார். ஆசிரியர் தாம் தூம் என்று குதித்தார். அட்டையில் போட்டாகிவிட்டது, அச்சகத்துக்காரன் வாசலில் நிற்கிறான், இதைப் பூசி மெழுகிவிட்டுப் போகலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். பழசு ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் ஆசிரியர், உண்மையை எழுதுவதானால் எழுதிக்கொள், ஆனால் வாசகர்கள் காறித் துப்பினால் உன் பகுதிக்கு அதுவே கடைசி என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் மூன்று வண்டியையும் ஒரே பாதையில் ஓட்டினார்கள். மருந்துக்கடைக்காரருடையது, மச்சான் முந்தின நாளே பூட்டிக் கொடுத்த இவருடையது, கம்பெனியின் புதுசு. மூன்றிலும் பின்னால் மனைவி. மருந்துக்கடைக்காரர் வண்டியில் போய் இறங்கியபோது அந்த அம்மாள் முழங்காலை நீவிக்கொண்டார். பழசின் சட்டையில் இடது தோள் கசங்கிக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு அவருக்கு வேறு தீர்ப்பு தேவைப்படவில்லை.

கட்டுரையில் எதையும் மறைக்கவில்லை. நான் காதலித்த பைக்கை நான் ஓட்டியே வெகு காலம் ஆகிறது, நான் ஓட்டியது என் மனைவி செய்த பைக் என்று ஆரம்பித்தார். அசல் பழசு எப்படி இருந்தது என்பதைத் தள்ளுவண்டிக்காரர் வரைக்கும் எழுதினார். பழைய சட்டை மாட்டிய புது ஆள் யார் என்றும் சொன்னார். புதுசு நல்ல வண்டி, தாராளமாக வாங்கலாம் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக எழுதினார். கடைசியில் மட்டும், கை ஊறியதோ என்னவோ, ஒரு குறை சொன்னார்: "பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ள இதில் பெரிய கைப்பிடி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டால் முன்னால் இருப்பவரைத் தொடவே வேண்டாம். பின்னால் ஆள் இருக்கிறதா, பயப்படுகிறதா என்று ஓட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்? இது மன்னிக்க முடியாத குறை."

வாசகர்கள் காறித் துப்பவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்கள். இனிமேல் எந்த வண்டியானாலும் பின் சீட்டைக் கேட்டு எழுதுங்கள் என்று கடிதம் போட்டார்கள். ஆசிரியர், எல்லாம் தன் யோசனை என்பது போல அந்தப் பகுதிக்கு இன்னும் ஒரு பக்கம் கூட்டிக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் வண்டியை நேராக ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, மாத்திரையை நிறுத்தினார்.

இதழ் வெளியான மறுநாள் காலையில் மச்சான் வந்து நின்றான். கையில் பளபளவென்று ஒரு கைப்பிடி, புது மாடலினுடையது. சொல்லாமலே வாங்கிவந்திருந்தான். பழக்கதோஷம்.

"அக்கா, மாமா இதைப் பயங்கரமாத் திட்டிட்டாரு. மாட்டிடலாமா?"

தையல் மெஷினிலிருந்து அந்த அம்மாள் தலை நிமிர்ந்தார். உள்ளே செய்தித்தாள் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தவரைக் கதவு வழியாக ஒருமுறை பார்த்தார்.

"வேணாம்டா, திருப்பிக் குடுத்துடு. இந்த ஒரு தடவை அவர் திட்டினது சரி."

அன்று சாயங்காலம் ஒரு சோபா உறையைக் கொடுக்க இருவரும் கிளம்பினார்கள். மனைவி ஏறி உட்கார்ந்து, மூட்டையை மடியில் சரிசெய்து, கையை அவர் தோளில் வைத்தார். வேகத்தடை வந்தது. அந்தக் கை கொஞ்சம் இறுகியது. பழசு வேகத்தைக் குறைத்தார்.